மணி அடித்துப் பார்க்கிறோமா?



மருத்துவமனையைப் பார்க்க வரும் சபையார் வார்டுகளைச் சுற்றி வரும்போது, கூரையில் கவிழ்ந்திருக்கும் வெள்ளைக் கிண்ணத்தைக் காட்டி, "இது என்ன, காமிராவா?" என்று கேட்பதுண்டு. புகையைக் கண்டுபிடிக்கும் கருவி என்று சொன்னால் திருப்தியோடு தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். "இது வேலை செய்கிறதா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்பவர் அபூர்வம். இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இம்முறை எழுத விரும்புகிறோம். மருத்துவமனைக்காக மட்டுமல்ல. உங்களில் பலர் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அரிசி ஆலை, துணிக்கடை, மரப்பட்டறை, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று நடத்தி வருகிறீர்கள். சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டுக்குப் போகிறவர்களும் உண்டு. உங்கள் தலைக்கு மேலும் அந்த வெள்ளைக் கிண்ணம் இருக்கலாம்.

முதலில் கொல்கத்தாவில் நடந்ததைச் சொல்லுகிறோம். 2011 டிசம்பர் 9ஆம் தேதி விடிவதற்கு முன், தாக்குரியா பகுதியில் உள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. கார் நிறுத்துவதற்கென்று அனுமதி பெற்ற அந்த இடத்தில், எளிதில் தீப்பற்றும் பொருள்களைச் சேமித்து வைத்திருந்தார்கள். தீ பெரும்பாலும் அடித்தளத்தோடு நின்றது. புகை நிற்கவில்லை. குளிர்சாதனக் குழாய்கள் வழியாகவும் படிக்கட்டுகள் வழியாகவும் மேல்மாடி வார்டுகளுக்கு ஏறிவிட்டது. கட்டடம் கண்ணாடியால் மூடப்பட்டிருந்ததால் புகை வெளியேற வழி இல்லை. ஏறக்குறைய 90 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் படுக்கையில் கிடந்த நோயாளிகள். தீக்காயத்தால் அல்ல, மூச்சுத் திணறியே இறந்தார்கள். கேரளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இளம் நர்ஸ்கள் இருவர் தங்கள் வார்டில் இருந்த பெண் நோயாளிகளை ஒருவர் பின் ஒருவராக வெளியே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, மிச்சம் இருந்தவரை அழைத்துவர மறுபடியும் உள்ளே போய்த் திரும்பவில்லை.

புகையை முதலில் கண்டவர்களில் அக்கம்பக்கத்துக் குடிசைவாசிகளும் உண்டு. உதவிக்கு ஓடிவந்த அவர்களை முதலில் உள்ளே விடவில்லை என்றும், தீயணைப்புத் துறைக்குத் தாமதமாகவே செய்தி போனது என்றும் அன்றைய பத்திரிகைகள் எழுதின. தீ எச்சரிக்கை மணி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று அதிகாரிகள் கூறினார்கள். அது வசதியில்லாத மருத்துவமனை அல்ல; நகரத்தில் பெயர்பெற்ற பெரிய மருத்துவமனை.

நம் மக்கள் இப்படிப்பட்ட செய்தியைப் படித்தவுடன், "ஐயோ, மணி இல்லாமல் போயிற்றே" என்று வருந்துகிறார்கள். மணி இல்லாத இடங்கள் நம் பக்கத்தில் இன்னும் ஏராளம்; அது தனிக் கவலை. ஆனால் செலவு செய்து வாங்கி, சுவரில் மாட்டி, திறப்பு விழாவும் நடத்தியபின் ஊமையாகிப் போன மணி அதைவிட ஆபத்தானது என்பது எங்கள் எண்ணம். மணி இல்லாதவன் இரவுக் காவலாளியை வைத்துக்கொள்வான், தூங்கும்போதும் ஒரு காது திறந்திருப்பான். மணி இருக்கிறது என்று நம்புகிறவனோ நிம்மதியாகத் தூங்குவான்.

மணி எப்படி ஊமையாகிறது என்பது புரிய, அது எப்படிப் பேசுகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டு வீட்டில் கூரைச் சந்து வழியே வெயில் விழும்போது தூசி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் நடப்பதும் அதுவே. உள்ளே ஒரு சின்ன இருட்டறை. அதில் ஒரு ஒளிக்கதிர் ஒரு திசையில் போய்க்கொண்டே இருக்கும். ஒளியை உணரும் கண் வேறு கோணத்தில் இருப்பதால் சாதாரணமாக அதற்கு ஒன்றும் தெரியாது. புகை நுழைந்தவுடன் ஒளி சிதறி அந்தக் கண்ணில் படுகிறது. செய்தி கம்பி வழியே வாசலருகே சுவரில் இருக்கும் பேனலுக்குப் போகிறது. பேனல் எல்லா மாடிகளிலும் உள்ள ஹூட்டர்களை ஒலிக்கச் செய்கிறது. மனிதர் கண்ணில் தீ முந்திப் பட்டால், அழுத்துவதற்கு ஆங்காங்கே கண்ணாடி போட்ட சிவப்புப் பெட்டிகள் உண்டு. சமையலறை போன்ற இடங்களில் புகைக்குப் பதிலாக வெப்பத்தை உணரும் கருவி இருக்கும். கரண்ட் போனால் பேனலுக்குள் இருக்கும் பாட்டரி தாங்கும். பொதுவாக ஒரு நாள் முழுவதும் காவல் காத்து, அதன்பின் அரைமணி நேரம் ஒலிக்கும் அளவுக்கு அது இருக்க வேண்டும்.

கிண்ணம், கம்பி, பேனல், பாட்டரி, ஹூட்டர், பிறகு அதைக் கேட்கும் காது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும். அறுந்ததோ கண்ணுக்குத் தெரியாது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் அன்றைக்கே தெரியும். விளக்கு எரியாவிட்டால் அந்தி சாய்ந்ததும் தெரியும். எச்சரிக்கை மணி மட்டும் பல வருஷம் செத்துக் கிடந்தாலும் உயிரோடிருப்பது போலவே சுவரில் தொங்கும். அதை அடித்துப் பார்ப்பதைத் தவிர அறிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

நம் பக்கத்தில் இந்தக் கண்ணிகள் அறுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். பாகூர் கொம்யூனில் மணப்பட்டு, மூர்த்திக்குப்பம், பனித்திட்டு எல்லாம் கடலோரம். உப்புக் காற்று கம்பி முனைகளில் பச்சை பூக்க வைக்கும். உள்ளே தள்ளிப் போனால் அரிசி ஆலையின் தவிட்டுத் தூசி, மரப்பட்டறையின் மரத்தூள். அது கிண்ணத்தின் வலையை அடைத்துவிட்டால் புகை உள்ளே போகாது. உள்ளேயே புகுந்துவிட்டால் புகையில்லாமலே மணி அடிக்கும். மழைக்காலத்தில் சிறு பூச்சிகள் அந்த இருட்டறையைத் தேடிக் குடிபுகும். சிலந்தியும் கூடு கட்டும். பண்டிகைக்கு வெள்ளையடிக்க வருகிறவர்கள் சொட்டு விழாதிருக்கக் கிண்ணத்தின்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டுவார்கள். நல்ல எண்ணத்தோடு கட்டிய பையை அவிழ்க்க மறந்து போய்விடுவார்கள். புதிதாக ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி ஸ்டோர் ரூம் ஆக்குவார்கள். கிண்ணம் சுவருக்கு இந்தப் பக்கம், பஞ்சும் அட்டைப்பெட்டியும் அந்தப் பக்கம்.

எல்லாவற்றிலும் மோசம் பாட்டரிதான். மூடிய அறையில், கோடை வெப்பத்தில் அது வேகமாகக் கிழடாகும். கரண்ட் இருக்கும் வரைக்கும் பேனலில் பச்சை விளக்கு எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது நம் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் இருந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தபின் சங்கராபரணியும் தென்பெண்ணையும் பெருகி, வயலும் தெருவும் ஒன்றாகின. இப்படிப்பட்ட நாட்களில் மெழுகுவர்த்தியும், காடா விளக்கும், அவசரமாக இழுத்த வயரும், ஓயாமல் ஓடும் ஜெனரேட்டரும் சேர்ந்து தீ ஆபத்தைக் கூட்டுகின்றன. அதே நாட்களில்தான் மணி முழுக்க முழுக்க அந்தச் சின்னப் பாட்டரியை நம்பியிருக்கிறது. பாகூரில் ஒரு பெரிய மழைக்குப் பிறகு பாலம் முழுகினால் தீயணைப்பு வண்டி சுற்றி வர வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். முன்னால் கிடைக்கும் ஐந்து நிமிஷம் அப்போது மிகப் பெரிது.

இனி சோதனை. இது பெரிய வித்தை அல்ல. பிரிட்டனில் நெடுங்காலமாக உள்ள வழக்கம் இது: வாரத்தில் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரு சிவப்புப் பெட்டியை இயக்கி மணியை ஒலிக்கச் செய்வது. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பெட்டி. அப்படிச் சுழற்றினால் சில மாதங்களில் எல்லாப் பெட்டிகளும் ஒருமுறை பேசியிருக்கும். பெட்டிக்கென்று ஒரு சிறு சாவி உண்டு, கண்ணாடியை உடைக்க வேண்டியதில்லை. நம் நாட்டிலும் இந்த அமைப்புகளைப் பொருத்துவதற்கும் பராமரிப்பதற்கும் ஐ.எஸ். 2189 என்ற தர விதி இருக்கிறது. அதிலும் சோதனை முறை சொல்லப்பட்டிருக்கிறது. கிண்ணங்களைத் தெரிந்த கம்பெனி ஆள் வந்து அதற்கென்றுள்ள புகை டப்பாவால் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஊதுபத்தியைக் காட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதன் கரியும் பிசுக்கும் உள்ளே படிந்து, நல்ல கருவியையும் கெடுத்துவிடும்.

மணி அடிக்கும்போது பேனலருகே நின்று கேட்டால் போதாது. ஒருவர் கழிப்பறைக்குப் போகட்டும், ஒருவர் மொட்டைமாடிக்கு, ஒருவர் ஜெனரேட்டர் அறைக்கு, ஒருவர் ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கட்டும். அரிசி ஆலையில் இயந்திரம் ஓடும்போது கேட்கிறதா? தூங்குகிறவர் எழும் அளவுக்கு இருக்கிறதா? காது கேளாத தொழிலாளி ஒருவர் இருந்தால் அவருக்கு யார் போய்த் தொட்டுச் சொல்லுவது? மணியோடு நிற்க வேண்டியவை நிற்கின்றனவா என்றும் பாருங்கள். குளிர்சாதனக் காற்றாடி தானாக நிற்க வேண்டும். கொல்கத்தாவில் புகை போன வழி அதுதான். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து திறந்து நிற்க வேண்டும். 2024 டிசம்பர் 12ஆம் தேதி இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது லிஃப்டுக்குள் சிக்கியவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். கடைசியாக, மாதம் ஒருமுறையாவது மெயின் கரண்டை நிறுத்திவிட்டுப் பாட்டரியில் மட்டும் ஒலிக்கச் செய்து பாருங்கள். குரல் தேய்ந்து முனகினால் பாட்டரியை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

இவ்வளவும் கருவியைப் பற்றியது. காது என்ற கடைசிக் கண்ணியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். 2012 நவம்பர் 24ஆம் தேதி பங்களாதேஷில் டாக்காவுக்கு அருகே ஆஷுலியாவில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் துணியும் நூலும் குவித்து வைத்திருந்த இடத்தில் தொடங்கிற்று. மணி ஒலித்தது. தொழிலாளர்கள் எழுந்தார்கள். மேற்பார்வையாளர்களோ, "ஒன்றுமில்லை, உட்கார்ந்து வேலையைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். 110க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த ஏழைப் பெண்கள். நம் ஊர்களிலிருந்து விடியற்காலையில் வேன் ஏறி ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அங்கே கருவி பேசிற்று, மனிதர் நம்பவில்லை. காரணமில்லாமல் அடிக்கும் மணி மனிதரை அப்படி ஆக்கிவிடும். புலி வருகிறது என்று கூவிய இடையப் பையன் கதைதான். ஆகவே காரணமில்லாமல் அடித்தால் மணியை நிறுத்தாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். டீ போடும் மூலையில் புகைக் கருவி இருந்தால் அங்கே வெப்பக் கருவியை மாட்டச் சொல்லுங்கள். தூசி என்றால் துடைக்கச் சொல்லுங்கள். "தொல்லை தாங்கவில்லை, கொஞ்சநாள் ஆஃப் பண்ணி வை" என்று முதலாளி சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் பல மணிகள் செத்துப் போகின்றன.

ஒழுங்காக ஒரே நேரத்தில் அடிக்கும் சோதனை மணி இதற்கும் மருந்தாகிறது. கிராமத்தில் கோயில் மணி எப்படி அடித்தால் பூசைக்கு, எப்படி அடித்தால் சாவுக்கு என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தந்ததில்லை, கேட்டுக் கேட்டுத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அரை நிமிஷம் ஒலித்தால் சோதனை; வேறு எந்த நேரத்தில் ஒலித்தாலும் நிஜம், எழுந்து வெளியே போ. இந்த வித்தியாசம் ஒரு வருஷத்தில் எல்லாருடைய காதிலும் ஏறிவிடும், நேற்றுச் சேர்ந்த பீகார் பையனுக்கும்கூட. வருஷத்துக்கு இரண்டுமுறை மணியோடு எல்லாரும் வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்று தலையெண்ணிப் பார்ப்பதும் நல்லது. பூட்டிக் கிடக்கும் பின்கதவு அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

மருத்துவமனையில் இது கொஞ்சம் வேறு. நேற்று அறுவை செய்துகொண்ட தாயைப் பார்த்து, "எழுந்து ஓடுங்கள் அம்மா" என்று சொல்ல முடியாது. நோயாளிகளை முதலில் அதே மாடியில் தீக்கதவுக்கு அப்பால் உள்ள வார்டுக்குக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போக வேண்டும். மாடியிறங்குவது அதற்குப் பிறகு. கதவுகளைச் சாத்த வேண்டும், அந்த வார்டின் ஆக்சிஜன் வால்வை யார் மூடுவது என்று முன்னமே தீர்மானித்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் நிமிஷங்கள் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஒரு வார்டில் இரண்டு நர்ஸ்கள் இருந்தால் அதிகம். அவர்களுக்கு அந்த நிமிஷங்களைத் தருவது மணி மட்டுமே. மூச்சோடு உள்ளே போகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூங்குகிறவர் மூக்கும் புகையை நம்பத்தக்கபடி உணருவதில்லை. பிழைத்து வருகிறவர்களிலும், வெளியே ஒரு கொப்புளம்கூட இல்லாமல் உள்ளே நுரையீரல் வெந்து வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது குறைவு.

சட்டமும் இதைக் கேட்கிறது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவு, தீயின்போது தப்பும் வழிகள் இருக்க வேண்டும் என்பதோடு நிற்காமல், தொழிலாளர்கள் அவற்றை அறிந்து பழகியிருக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. ராஜ்கோட்டில் 2020 நவம்பரில் கோவிட் மருத்துவமனை ஒன்று எரிந்தபின், கோவிட் மருத்துவமனைகளில் மாதந்தோறும் தீத்தணிக்கை செய்யும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் சான்றிதழ் என்பது அதிகாரி வந்த நாளில் மணி அடித்தது என்பதற்கே சாட்சி. நேற்று அடித்ததா என்பதற்கு உங்கள் சோதனைப் புத்தகம்தான் சாட்சி. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்: தேதி, நேரம், எந்தப் பெட்டி, எங்கே கேட்கவில்லை, யார் சரிசெய்தது, கையெழுத்து. எல்லா வாரமும் "சரி, சரி, சரி" என்று ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் எழுதியவர் அறையை விட்டு எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம்.

செலவைப் பற்றியும் நேராகவே பேசிவிடுகிறோம். ஸ்கேன் இயந்திரம் வாங்கித் தருகிறவர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். பேனலுக்குப் பாட்டரி வாங்கித் தந்தவர் பெயரை எங்கே பொறிப்பது? எந்த நிறுவனத்திலும் பராமரிப்புப் பணத்துக்கு இதுவே கதி. ஏ.எம்.சி. கட்ட வேண்டிய மாதத்தில் வேறு ஏதாவது அவசரம் வந்து நிற்கும். எந்த மருத்துவமனைக்கும், பள்ளிக்கும், முதியோர் இல்லத்துக்கும் நீங்கள் உதவி செய்தாலும், அடுத்த முறை போகும்போது அந்தச் சோதனைப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்கிறவர் கேட்டால் நடக்கும். உங்கள் பிள்ளை வேலை செய்யும் கம்பெனியில் மணி அடித்து எத்தனை நாளாயிற்று என்று பிள்ளையிடமே கேட்கலாம்.

வில்லியனூரிலும் பாகூரிலும் தீயணைப்பு நிலையங்கள் உண்டு. அவசரத்துக்கு 101 அல்லது 112. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். 1944ஆம் வருஷம் ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது அனுசரிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் நிலையத்தாரை அழைத்தால் பள்ளிக்கும் ஆலைக்கும் வந்து செய்து காட்டுவது வழக்கம். சோதனை மணி அடிக்கும் நாளில் முன்கூட்டியே அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் பேனல் வெளியே எங்காவது இணைக்கப்பட்டிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். சோதனை முடிந்ததும் பேனலை மறுபடி காவல் நிலையில் வைத்தாயிற்றா என்று, மணி அடித்தவரைத் தவிர வேறொருவரைப் பார்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.